ஓஸ் கடைக்காரன் கார்

கண்ணாடியை முழுசா ஏத்திக்கங்க தம்பி. வெயில் அடிக்குதுன்னு தெரியுது. வண்டியில ஏசி கெடையாதுன்னும் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஏத்திக்கங்க, காரணம் இருக்குது. அந்தக் கைப்பிடி கொஞ்சம் கடுசா இருக்கும், அழுத்திச் சுத்துங்க. அவ்வளவுதான். பையைப் பின்சீட்டுல போட்டுக்கங்க.

இப்ப மூச்சை நல்லா இழுத்துப் பாத்துச் சொல்லுங்க. எதாச்சும் வாடை வருதுங்களா? ஆயில் கருகின மாதிரி, ஒர்க்‌ஷாப்புக்குள்ள நொழைஞ்ச மாதிரி? வரலீங்களா? லிப்ட் குடுத்தவன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லலையே? சரி, சந்தோசம். பொள்ளாச்சி தாண்டினதும் மறுக்கா கேப்பேன், கோவிச்சுக்காதீங்க.

கிணத்துக்கடவு ஸ்டாப்புல அத்தனை பேரு நிக்க, உங்களை மட்டும் எதுக்குக் கூப்பிட்டேன்னு நெனைப்பீங்க. உடுமலை பஸ் போயிருச்சேன்னு நீங்க பொலம்பினது காதுல விழுந்துச்சு, அது ஒண்ணு. இன்னொண்ணு உங்க மூக்கு. தப்பா எடுத்துக்காதீங்க, நல்ல மூக்கு. எம்பட மூக்கு வேலைக்காகாது. ஒரு வருசமா இந்த வண்டிக்குள்ளயே உக்காந்து உக்காந்து அதுக்கு எதுவுமே தெரியறதில்லை. அடுப்புல பால் தீஞ்சா பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சொல்லித்தான் நான் அடுப்பை அணைக்கறேன். அதனால இப்பல்லாம் இரவல் மூக்குலதான் எம்பட பொழப்பு ஓடுது.

எம்பேரு தெய்வசிகாமணிங்க. கோயமுத்தூர்ல ஓஸ் கடை, ரப்பர் குழாய்ங்க. தோட்டத்து மோட்டாருக்கு, லாரிக்கு, காருக்கு, கேஸ் அடுப்புக்கு, எல்லாத்துக்கும் ஓஸும் கிளாம்பும் விக்கறேன். அதனாலயோ என்னமோ, எந்தச் சிக்கல் வந்தாலும் எனக்கு மொதல்ல ஓஸ்தான் ஞாபகத்துக்கு வரும். வாணி சொல்லுவா, "உங்களுக்குக் காய்ச்சல் வந்தாக் கூட ஒரு ஓஸைச் சொருகி வெளிய விட்டிரலாம்னுதான் நெனைப்பீங்க"ன்னு. வாணிங்கறது எம்பட வீட்டுக்காரி. முழுப்பேரு கோகிலவாணி. இப்ப அவளைக் கூப்பிடத்தான் போய்ட்டிருக்கறேன்.

கோமங்கலத்துல அவ அண்ணன் வீட்டுல இருக்கறா. ஆவணியில போனவ, ஐப்பசி வந்துருச்சு. சண்டையெல்லாம் இல்லீங்க. சண்டைன்னா ரெண்டு பேரு பேசணுமே. அவ போயிட்டா, அவ்வளவுதான். இன்னைக்கு உடுமலையில எங்க ஒரம்பரை, சொந்தக்காரங்க வீட்டுல புதுமனை விசேசம். நேத்து போன்ல சொல்லிட்டா: "உடுமலை வரைக்கும் அந்த வண்டியில வர்றேன். வாடை அடிச்சா அங்கிருந்து பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்கே திரும்பிருவேன். வண்டியை வித்துப்போட்டுப் பொறவு வந்து கூப்பிடுங்க." நானும் சாமி படத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு சரின்னு சத்தியம் பண்ணிட்டேன். உக்கடத்துல பழைய வண்டி உடைக்கறவரு ஒருத்தரு இருக்காரு. கொஞ்ச நாளாவே நான் அந்தப் பக்கம் போனா, கறிக்கடைக்காரரு ஆட்டைப் பாக்கற மாதிரி இந்த வண்டியைப் பாக்கறாரு. அவரு பாக்கற பார்வையில எனக்கே கழுத்து கூசுது.

வாணி இல்லாத வீடு எப்படி இருக்குதுன்னு கேக்காதீங்க. ரசம் வெச்சா ரேடியேட்டர் தண்ணி மாதிரி வருது. அதைக் கூடக் குடிச்சரலாம். சாயங்காலம் கடையைச் சாத்திட்டுப் போனா, இன்னைக்கு யாரு வந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு கேக்க ஆளில்லை. அதுதான் தாங்க முடியலை. அவ வரணும். வண்டியும் இருக்கணும். ரெண்டும் வேணும்னு கேக்கறது பேராசையான்னு எனக்குத் தெரியலை.

கதை என்னன்னா, இது பழைய பியட்டுங்க. கல்யாணம் ஆன புதுசுல செகண்ட்ல வாங்கினது. நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. போன வருசம் ஒரு நாள் அவினாசி ரோட்டுல போறப்ப, ஒரு குப்பை வண்டி என்னை ஓவர்டேக் பண்ணிருச்சு. சும்மா போயிருந்தாப் பரவால்லை. அந்த டிரைவர் தம்பி, பாவப்பட்டு எனக்குக் கையைக் காட்டிட்டுப் போனான். அன்னைக்கு எனக்கு ராத்திரி சோறு எறங்கலை.

எனக்கொரு சினேகிதன் இருக்கான், ஞானப்பிரகாசம்னு. லேத்துப் பட்டறை வெச்சிருக்கான். அவனுக்கு இந்த ஒலகத்துல தெரியாத விசயமே இல்லை, கேட்டுப் பாருங்க, அவனே சொல்லுவான். "மணி, இன்ஜினைப் பிரிச்சிரலாம்"னான். பிரிச்சோம். பிஸ்டன் ஓடற துளையைப் பெருசாக் கடைஞ்சு, பெரிய பிஸ்டன் போட்டு, ஒரு கார்புரேட்டர் இருந்த எடத்துல ரெண்டைப் போட்டோம். சத்தம் பாருங்க, கேக்குதுங்களா? சிங்கம் மாதிரின்னு ஞானம் சொல்லுவான். வாணி கேட்டுட்டு, மாவு மில்லுல பெல்ட்டு லூசானா இப்படித்தான் கேக்கும்னா.

இப்ப எந்தக் குப்பை வண்டியும் என்னை ஓவர்டேக் பண்றதில்லை. பின்னாடியே வந்து, மூக்கைப் பொத்திக்கிட்டு, நல்லாத் தள்ளி நின்னுக்குது.

அங்கதான் வாடை வருதுங்க. பிஸ்டன் மேல வெடிக்கற புகை இருக்குதில்லீங்களா, அதுல கொஞ்சம் சந்துல கசிஞ்சு கீழ ஆயில் இருக்கற பக்கம் எறங்கும். எந்த இன்ஜினுக்கும் அது உண்டு. எங்க கைவண்ணத்துல சந்து கொஞ்சம் தாராளமாப் போச்சு. அந்தப் புகை உள்ளயே கெடந்தா அழுத்தம் ஏறும், அதனால இன்ஜின் மூச்சு விடறதுக்கு மேல ஒரு குழாய் வெச்சிருப்பாங்க. பிரீதர்னு பேரு. வண்டி செஞ்சவன் அதுல ஒரு முழ ஓஸைப் போட்டு ஏர் கிளீனருக்கே திருப்பி விட்டிருந்தான். தான் விட்ட புகையைத் தானே இழுத்து எரிச்சுக்கும், வெளிய யாருக்கும் தெரியாது. ரெண்டு கார்புரேட்டர் போட்டதும் பழைய ஏர் கிளீனர் உக்கார எடம் பத்தலை. அந்த முழ ஓஸை நாந்தான் கழட்டி வீசினேன். நான் ஓஸ் விக்கறவன், எனக்கு ஒரு முழமெல்லாம் பெருசாத் தெரியலை.

பொறவென்ன, புகை பூராவும் பானெட்டுக்குள்ள சுத்தி, காத்து வர்ற வழியா வண்டிக்குள்ள வந்துருச்சு. ஞானம், "அடைச்சிரு, புகைக்குப் போக வழியில்லீன்னா வராது"ன்னான். எனக்கும் நியாயமாப் பட்டுது. திருப்பூர் பனியன் வேஸ்ட்டை நல்லாத் திரிச்சு, குழாயில வெச்சு அடிச்சு, மேல கிளாம்பும் போட்டேன். பாலக்காட்டு ரோட்டுல போய்ட்டிருக்கறோம், டப்புன்னு ஒரு சத்தம். ஆயில் அளவு பாக்கற கம்பி இருக்குதில்லீங்களா, அது துள்ளி வெளிய வந்து, பானெட்டுக்குள்ள அபிசேகம் நடந்துருக்குது. சூட்டுல ஆயில் பட்டு ஒரே புகை. டீக்கடைக்காரங்க மண்ணை அள்ளிட்டு ஓடியாந்தாங்க. ஞானம் எறங்கி, "நான் அப்பவே நெனைச்சேன்"னான்.

வாணி பின்னாடி இருந்து எறங்கி, டீக்கடை பெஞ்சுல போய் உக்காந்துக்கிட்டா. ஒரு டீ சொல்லிக் குடிச்சா. "எதையும் உள்ளயே போட்டு அடைச்சு வெச்சா எத்தனை நாளைக்குத் தாங்கும்?"னு கேட்டா. நல்ல கேள்வியாச்சேன்னு, நான் பக்கத்துல உக்காந்து அழுத்தம்னா என்ன, ஆயில் சீல் எப்படிப் பிச்சுக்கும்னு டீ கிளாசை வெச்சு வெவரமா வெளக்கினேன். அவ என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. கடைசியில எந்திரிச்சு, "பஸ் வருதான்னு பாருங்க"ன்னா.

அதுக்குப் பொறவுதான் எனக்குச் சொந்த யோசனை வந்துச்சு. ஓஸ் கடையை வெச்சுக்கிட்டு நான் எதுக்கு அடுத்தவன் பேச்சைக் கேக்கணும்? கடையில இருக்கறதுலயே நல்ல ஓஸா, ஆயில் தாங்கற ஓஸா எடுத்தேன். பிரீதர்ல சொருகி, வண்டியோட அடிவயித்துல வரிசையாக் கிளாம்பு அடிச்சு, பின்னாடி டிக்கிக்குக் கீழ கொண்டு போய் விட்டேன். புகை வண்டிக்குப் பின்னாடி போயிரும், நாம முன்னாடி போயிருவோம். எப்படி? ஞானமே குனிஞ்சு எட்டிப் பாத்துட்டு வந்தான்.

ஓட்டிப் பாத்தோம். எனக்கு வாடை இல்லை. பக்கத்துல ஞானத்துக்கும் இல்லை. வாணி மட்டும் பின்னாடி இருந்து, "முன்னைவிட மோசம்"ங்கறா. ரெண்டு பேரு இல்லீங்கறோம், ஒருத்தி இருக்குதுங்கறா. நீங்களே சொல்லுங்க, யாரை நம்பறது? அது வாடை இல்லை, வீம்புன்னு ஞானம் சொன்னான். நான் அப்படிச் சொல்லலை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவளுக்குக் காருன்னாலே ஒத்துக்காதுங்க. எப்ப ஏறினாலும் கையில ஒரு எலுமிச்சம்பழத்தை வெச்சு மோந்துக்கிட்டே வருவா. பஸ்ஸுல அப்படி இல்லை, அது வேற விசயம். பின்சீட்டுதான் அவளுக்குப் பழக்கம். மொதல்ல எங்கம்மா முன்னாடி உக்காந்தாங்க, அவங்களுக்கு முட்டி வலி. அம்மா போனதுக்குப் பொறவு கொஞ்ச காலம் ஓஸ் உருளையை வெச்சுட்டுப் போவேன், பின்னாடி வெச்சா நசுங்கிப் போகும். இப்ப ஞானம் உக்காருவான், இன்ஜின் சத்தம் முன்னாடிதான் சரியாக் கேக்குமாம். வாணி ஒரு நாளும் முன்சீட்டு வேணும்னு கேட்டதில்லை. அந்த விசயத்துல அவளைக் கொறை சொல்ல முடியாது.

ஆவணியில அவ அண்ணன் மகன் கல்யாணம், கோபியில. புதுப் பட்டுச்சேலை. அவதான் மாப்பிள்ளைக்கு அத்தை, ஆரத்தி எடுக்கணும். கோயமுத்தூர்ல இருந்து கோபி வரைக்கும் பின்சீட்டுல உக்காந்து வந்தா. மழைத் தூறல், கண்ணாடியெல்லாம் ஏத்தியிருந்துச்சு. நானும் ஞானமும் பேசிக்கிட்டே நல்லாத்தான் போனோம். மண்டபத்துல ஆரத்தித் தட்டை எடுத்துக்கிட்டு அவ மாப்பிள்ளை முன்னாடி நிக்கறா, பொண்ணு வீட்டம்மா ஒருத்தங்க மூக்கைச் சுளிச்சுக்கிட்டு, "கற்பூரத்தைக் கொஞ்சம் தள்ளிப் புடிங்கக்கா, உங்க மேல பத்திக்கப் போகுது"ன்னு சொல்லிட்டாங்க. மேடையே சிரிச்சுது. போட்டோக்காரன் வரைக்கும் சிரிச்சான். நானும் சிரிச்சேன், நல்ல பகடிதானுங்களே. வாணி மட்டும் தட்டை மூணு சுத்துச் சுத்திட்டு, பொட்டு வெச்சுட்டு, கீழ எறங்கிப் போனா. சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து தேடறேன், அவ அண்ணன் குடும்பம் போற வேன்ல ஏறி உக்காந்திருக்கறா. நான் ஜன்னல்கிட்டப் போனேன். "வண்டியைப் பத்தரமா ஓட்டிட்டுப் போங்க"ன்னா. அத்தோட சரி.

பொள்ளாச்சி வந்துருச்சு பாருங்க. வாடை? இல்லையா? நீங்க நல்லவருங்க.

அவ போனதுக்குப் பொறவு நான் சும்மா இருக்கலை. புகையோட ஆயிலும் சேந்து வருது, அதுதான் வாடைன்னு கண்டுபுடிச்சேன். நடுவுல ஒரு பாத்திரம் வெச்சு, ஆயிலைப் புடிச்சு நிறுத்திட்டுப் புகையை மட்டும் பின்னாடி அனுப்பணும். பாத்திரம் எப்படி இருக்கணும்? மூடி இறுக்கமா இருக்கணும், துருப்புடிக்கக் கூடாது, கையடக்கமா இருக்கணும். சமையல்கட்டுக்குள்ள போறேன், பரண்ல எவர்சில்வர் தூக்குப்போசி. வாணிக்கு சீராக் குடுத்தது. அவங்கப்பா நாச்சிமுத்துக் கவுண்டர் பேரும் இவ பேரும் வெட்டியிருக்கும். அதுல ரெண்டு ஓட்டை போட்டு, உள்ள பாத்திரம் வெளக்கற கம்பி நாரை அடைச்சு, பானெட்டுக்குள்ள மாட்டிட்டேன். பேரு வெட்டின பக்கத்துல ஓட்டை படாமத்தான் போட்டேன், எனக்கும் அறிவிருக்குது. அதுல இருந்து மறுபடி அதே ஓஸ், அடிவயித்தோட போயி டிக்கிக்குக் கீழ. வாணி பானெட்டைத் திறந்து பாக்கற ஆளில்லை, அந்த வரைக்கும் நிம்மதி.

அதுக்குப் பொறவு வழியில நிக்கறவங்களை ஏத்தி ஏத்திச் சோதிச்சேன். ஒரு வாத்தியாரு, ஒரு தேங்கா வியாபாரி, கோயிலுக்குப் போற ஒரு பெரியவரு. ஒருத்தருக்கும் வாடை தெரியலை. எல்லாரையும் நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்கார வெச்சேன். வழியில ஏத்தின ஆளைப் பின்னாடி உக்காரச் சொன்னா டாக்சின்னு நெனைச்சுக்குவாங்க, மரியாதையா இருக்காது. ஒரே ஒரு வேலைதான் பாக்கி, டிக்கி மூடியைச் சுத்தி இருக்கற ரப்பர் காஞ்சு வெடிச்சுக் கெடக்குது. தூசி வருது. அது கெடக்கட்டும், அவசரமில்லைன்னு விட்டுட்டேன்.

இதாங்க கோமங்கலம். அந்த வேப்பமரத்துக்கிட்ட வெள்ளை வீடு. பாருங்க, வாசல்லயே நிக்கறா. கொஞ்சம் எளைச்ச மாதிரி தெரியுது. பச்சைச் சேலை. எனக்கு என்னமோ பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்குதுங்க, சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கறேன். நீங்க எதுவும் பேச வேண்டாம். வாடை இல்லைன்னு மட்டும், கேட்டாச் சொல்லுங்க.

வா வாணி. நல்லாருக்கறயா? அண்ணன் இல்லையா? முன்னாடியே போயிட்டாரா, சரி. இவரு கிணத்துக்கடவுல ஏறினாரு, உடுமலை போறவரு. தம்பி, நீங்க எதுக்கு எறங்கறீங்க? உக்காருங்க. அவ பின்னாடிதான் உக்காருவா, அவளுக்கு அதான் பழக்கம். அட, கேக்காம பின்னாடி போய் உக்காந்துட்டீங்களே. சரி, அப்ப நீ முன்னாடி வா வாணி. என்ன யோசிக்கறே? அப்படி இழுத்தா திறக்காது, கொஞ்சம் தூக்கித் திறக்கணும். ஆமா, உனக்கு எப்படித் தெரியும். இந்தக் கதவை நீ திறந்ததே இல்லையே.

கண்ணாடி ஏத்தியே இருக்கட்டும். சோதனைன்னா சோதனையா இருக்கணும். தம்பி, உங்க பக்கமும் ஏத்திக்கங்க.

என்ன கேட்டே, போசியா? ஆமா, எடுத்துட்டு வரச் சொன்னே, விசேச வீட்டுல பாயாசம் வாங்கிக்கறதுக்கு. கொண்டாந்திருக்கறேன். வண்டியிலதான் இருக்குது. அதை அப்பறம் பாத்துக்கலாம்.

இப்ப சொல்லு. வாடை வருதா? அவசரமில்லை, நல்லா இழுத்துப் பாத்துச் சொல்லு. வரலையா? இன்னொருக்கா இழுத்துப் பாரு. வரலை. நெசமா வரலை. தம்பி, கேட்டீங்களா? அவ வாயாலயே சொல்லிட்டா, நீங்கதான் சாட்சி. உக்கடத்துக்காரரு வேற ஆட்டைப் பாத்துக்கட்டும். ஞானத்துக்குப் போன் போட்டுச் சொல்லணும். நான் ஜெயிச்சுட்டேன் வாணி. எத்தனை பாடுபட்டேன் தெரியுமா, அந்த ஓஸ் இருக்குதே, அது...

என்னது? ரோடா? ஆமா, முன்னாடி உக்காந்தா ரோடு தெரியும். மலையும் தெரியும். அதுல என்ன அதிசயம்? என்ன சொன்னே? முப்பது வருசமா எம்பட பின்மண்டையை மட்டுந்தான் பாத்துட்டு வந்தியா. அதுல சொட்டை விழுந்தது எனக்கு முன்னாடி உனக்குத்தான் தெரியுமா. சிரிக்கறே. சிரி, சிரி. நீ சிரிச்சு ரொம்ப நாளாச்சு.

தம்பி, என்ன சத்தத்தையே காணோம்? நீங்களும் சொல்லுங்க. இருமறீங்க? தூசியா இருக்கும், டிக்கி ரப்பர்னு சொன்னேனில்ல. கண்ணெல்லாம் செவந்திருக்குதே. கைக்குட்டையை எதுக்கு மூக்குல...

பையில என்ன தேடறே வாணி? எலுமிச்சம்பழம். நீதான் இன்னைக்கு மோந்துக்கவே இல்லையே. அவருக்கா? அவருக்கு எதுக்கு? அவரு ஒண்ணும் கேக்கலையே. வாடை வருதுன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லலையே. நீ திரும்பிக் கூடப் பாக்கலை, உனக்கு எப்படி...

ம்.

டிக்கிக்குக் கீழதானே கொண்டு போய் விட்டேன். வண்டி ஓடுறப்ப பின்னாடி சுத்தற காத்து, காஞ்ச ரப்பர் வழியா நேரா பின்சீட்டுக்குத்தான் வரும். ஓஸ் விக்கற நான், ஓஸோட அந்த மொனையில யாரு உக்காந்திருக்கறாங்கன்னு ஒரு நாளும் திரும்பிப் பாக்கலை. கல்யாண மேடையில வேற சிரிச்சேன். எனக்கு வெக்கமா இருக்குது வாணி. வண்டியை வித்துரட்டுமா? ரோட்டையே பாத்துட்டு வர்றே. சரி, நீ ரோட்டைப் பாரு.

தம்பி, மன்னிச்சுக்கங்க. கண்ணாடியை எறக்கிக்கங்க. ரெண்டு பக்கமும் எறக்கிக்கங்க.